ஹாப்புத் தோட்டத்து இலையுதிர் நாள்

இலையுதிர் காலம் என்றவுடன் நம் தோட்டத்து மக்கட்கு மகிழ்ச்சி உண்டாவதில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை கொட்டும்; பால் குறையும்; பால் குறையவே கைக்காசும் குறையும். ஆனால் இங்கிலாந்தில், இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நெருக்கடியான சந்துகளில் வாழ்ந்த ஏழை மக்கட்கோ, அக்காலமே ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த திருநாளாயிற்று. அந்த மகிழ்ச்சியின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். ஆங்கிலப் பள்ளியில் எமக்குக் கற்பித்த வரலாற்றில் அரசர் இருந்தனர், போர்கள் இருந்தன. இம்மக்கள் மட்டும் இருந்திலர்.

இலண்டனுக்குத் தென்கிழக்கே உள்ள கெண்ட் மாவட்டத்தில் ஹாப் என்னும் கொடி பயிராகின்றது. கூம்பு வடிவான அதன் பசிய பூவே பீர் மதுவிற்குக் கைப்பும் மணமும் தருவது. (மதுவிலக்கு அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா, நம் பேச்சு குடித்தவரைப் பற்றியதன்று, பறித்தவரைப் பற்றியது.) 1878-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 72,000 ஏக்கர் நிலத்தில் இக்கொடி படர்ந்திருந்தது. பூ முற்றுவது செப்டம்பர் மாதத்தில். சில வாரங்களுக்குள் பறித்து உலர்த்தாவிடில் பாழாகும். அவ்வூர்க் கைகள் மட்டும் அதற்குப் போதா. ஆகவே தாய்மாரும் பாட்டிமாரும் குழந்தைகளும் இலண்டனிலிருந்து பல்லாயிரக்கணக்கில் ஆண்டுதோறும் அங்குச் சென்றனர். ஐரிஷ் மக்களும் ஜிப்சிகளும் வந்தனர். ஆடவர் பலர் வாரக் கடைசியில் வந்து கலந்துகொள்வர்.

தோட்டக்காரரிடமிருந்து "வருக" என்று கடிதம் வந்த நாளிலேயே வீட்டில் மகிழ்ச்சி தொடங்கிவிடும். தேயிலைப் பெட்டியொன்றில் சட்டி பானையும் போர்வையும் அடைபடும். விடியுமுன் புறப்படும் தனி இரயிலில், கட்டணத்திற்கு அஞ்சிக் குழந்தையை இருக்கையின்கீழ் ஒளித்துவைத்த தாய்மாரும் உண்டு. போய்ச் சேர்ந்தால் தகரத்தாலோ செங்கல்லாலோ ஆன ஓரறைக் குடில். நம் பழைய லயத்து அறையை நினைத்துக்கொள்க. படுக்கை வைக்கோல். ஆயினும் அப்பெண்டிர் வந்த அன்றே சுவரில் பூப்போட்ட தாளை ஒட்டிச் சன்னலுக்குத் திரையும் தொங்கவிட்டனர்!

காலையில் பனிமூட்டம் கலையுமுன் வேலை தொடங்கும். உயரத்தில் கட்டிய கயிறுகளிற் படர்ந்த கொடியை அறுத்திழுக்கும்போது இரவுப் பனிநீர் தலையிற் சொரியும். கூச்சலும் சிரிப்பும் எழும். மரச்சட்டத்தில் சாக்குத்துணி கட்டிய நீண்ட தொட்டியைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து பூப்பறிக்கும். ஆயாக் கொட்டகை ஏது? கைக்குழந்தை தொட்டியருகே உறங்கும். பறிப்பவர் விரல்கள் கறுத்து, தொட்ட ரொட்டியும் கைக்கும். வெளிக்காற்றில் எழுந்த பசிக்கு அதுவும் சுவையே. சிறுவர் வேலிப்புதர்களிற் கருநிறப் பழம் பறித்துத் தின்பர். மாலையில் இன்று இனிக் கொடி இழுக்க வேண்டா என்ற குரல் எழுந்ததும் சுள்ளித் தீ மூளும், சாம்பலிற் கிழங்கு வேகும், பாட்டுப் பிறக்கும். பூவை உலர்த்தும் சூளைவீட்டின் மணம் தோட்டமெங்கும் பரவும். புகைமண்டிய நகரத்தில் ஆண்டு முழுவதும் இருமியவர்க்கு அக்காற்றே பெரும்பேறு.

செக்ரோல் எழுதும் எனக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கின்றது. அஃது அளக்கும் வேளை. அளப்பவன் புஷல் கூடையுடன் வருவான். பூவை மெல்ல மொண்டால் பறித்தவர்க்கு ஆதாயம். கையால் அழுத்தி மொண்டாலோ ஒரு கூடைப் பூ அரைக்கூடையாகச் சுருங்கும். ஷில்லிங்கிற்கு எத்தனை புஷல் என்பதே பேரம். அதன் பொருட்டுப் பருவத் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்வதும் வழக்கமாயிருந்தது. 1931-இல் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் தாமே சென்று பறித்துப் பார்த்தார். அப்போது புஷலுக்குக் கூலி இரண்டு பென்ஸ். பால் நிறுக்கும் தராசருகே நின்றவன் எவனும் அக்கூடையைக் கண்டு புன்னகை செய்யான்.

துயரமும் இல்லாமற் போகவில்லை. 1849 செப்டம்பரில் ஈஸ்ட் பார்லி என்னுமூரில் வாந்திபேதி கண்டு பூப்பறிக்க வந்தோர் 43 பேர் மாண்டனர். 1853 அக்டோபர் 20-ஆம் நாள் மாலை, வேலை முடிந்து திரும்பிய வண்டி ஹார்ட்லேக் மரப்பாலத்தின் பக்கப்பலகையை உடைத்துக்கொண்டு மெட்வே ஆற்றில் வீழ்ந்தது. 30 உயிர்கள் போயின. ஒரே குடும்பத்தார் பலர் அவருட் சேர்ந்திருந்தனர்.

"இது வேலையன்று, அவர்கட்கு விடுமுறை" என்று பேசுவது கூலிக் குறைவை மறைக்க எளிய வழியாயிற்று. இதனை வெறுத்துச் சிலர், அம்மகிழ்ச்சியே பொய் என்பர். யான் அங்ஙனம் கருதேன். மகிழ்ச்சி மெய்யே, ஆனால் அதனை அளித்தவர் தோட்டக்காரரல்லர். அவர் அளித்தது வைக்கோலும் சுள்ளியும் நாலு சுவரும். திரையும் தாளும் பாட்டும் இலண்டனிலிருந்து வந்தன.

1930-களில் பூப்பறிக்கும் பொறி வந்தது. 1960-கள் முடிவதற்குள் கைப்பறிப்பு பெரும்பாலும் ஒழிந்தது. பறிக்கப் பூ இல்லாத பின்னரும் சில குடும்பத்தார் செப்டம்பர் மாதத்தில் அப்பழைய குடில்களுக்கு வந்து தங்கினர்; கிழிந்த தாளைச் சுரண்டிவிட்டுப் புதுத்தாள் ஒட்டினர்.