ஆண்டவரின் நாளும் ஆடுகளமும்

விளையாட்டுக்கும் திருச்சபைக்கும் பகையில்லை. டூரின் நகரில் புனித தொன் போஸ்கோ (1815–1888) ஏழைச் சிறுவரைக் கூட்டியபோது, திருப்பலி, மறைக்கல்வி, ஆட்டம் மூன்றையும் ஒரே ஞாயிற்றில் சேர்த்து வைத்தார். அவருடைய சலேசிய சபையினரே 1951இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர். 1952இல் சென்னை-மயிலையிலிருந்து பிரிந்து உருவான வேலூர் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் மரியசெல்வம் ஆண்டகையும் அச்சபையினரே. கோவிலும் பந்தாட்டத் திடலும் அடுத்தடுத்து இருப்பது நமக்குப் புதிதன்று.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பற்றிய மோதலும் பழையதே. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடல், தகுதிச் சுற்று ஞாயிறன்று என்பதால் 100 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பின்னர் சீனாவில் மறைப்பணியாற்றினார். அன்று அது ஒரு தனிமனிதரின் மனச்சான்றுக் கேள்வி. 1969இல் இங்கிலாந்தில் ஞாயிறு பிற்பகலுக்கென்றே 40 ஓவர் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. அதற்குப் பெயரளித்தது ஒரு சிகரெட் கம்பெனி. மக்கள் வீட்டிலிருக்கும் நாளே விளம்பரத்திற்கு ஏற்ற நாள் என்று வணிகம் கண்டுகொண்டது.

நம் பகுதியில் இதன் பொருள் வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ஆறு நாள் உழைப்பவருக்கு மிஞ்சுவது ஒரே நாள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்தின் முதல் நாளையே பொதுவிதியாக ஓய்வு நாளாக வைத்தது. அந்த ஒரு நாளைத்தான் கோவிலும் கேட்கிறது, குடும்பமும் கேட்கிறது, 2008இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியும் கேட்கிறது. 2024 மார்ச் 31, உயிர்ப்புப் பெருவிழா. அன்றும் இரண்டு ஆட்டங்கள். திருப்பலி நேரத்தில் அவை நடக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் அன்பியக் கூட்டமும், நோயாளர் சந்திப்பும், வீட்டார் கூடிப் பேசும் மாலையும் தொலைக்காட்சிக்கு முன்னே கரைந்துபோகின்றன. உடல் சோர்ந்த தொழிலாளி ஆட்டம் பார்த்து மகிழ்வதை நாம் குறைசொல்லோம். அவர் கூலியையும் சேர்த்துக் கேட்பதே கொடுமை. 2020இல் அப்போட்டிக்குப் பெயரளித்தது, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு நிறுவனம். அத்தகைய ஆட்டங்களைத் தடுக்க நடுவணரசு 2025இல்தான் சட்டம் இயற்றியது.

திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1998இல் ஆண்டவரின் நாளைப் பற்றித் திருமடல் எழுதினார். 2000 அக்டோபரில் உரோமை ஒலிம்பிக் அரங்கிலேயே விளையாட்டு வீரர்களுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார். இரண்டும் ஒருவரே செய்தவை. நமக்கும் அதுவே வழி. ஆட்டத்தை வெறுப்பதால் பயனில்லை. திருப்பலி முடிந்ததும் நம் பிள்ளைகளுக்குத் திடலைத் திறந்துவிடுவோம், பெரியவர்களும் உடன் நிற்போம். பிறர் ஆடப் பார்த்திருக்கும் பிள்ளைகளாக அன்றி, தாமே ஆடும் பிள்ளைகளாக அவர்கள் வளரட்டும். யூபிலி கொண்டாடும் நம் பங்கு, ஞாயிற்றை ஆண்டவருக்கும் குடும்பத்துக்கும் மீட்டுத் தருவதாக!