கழுத்திலே கட்டி, கையிலே கத்தி

மன்னர்கள் முடி சூடிய ஆண்டுகளையும் முடி இழந்த ஆண்டுகளையும் வகுப்பறையிலே மாணவரை ஒப்பிக்கச் செய்கிறோம். போர்க்களத்திலே உருண்ட தலைகளுக்கு நம் பாடநூல்களில் கணக்கு உண்டு. கைக்குழந்தையின் தலை ஒருபுறம் சாய்ந்து போவது ஏன் என்று மனிதன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிய கதைக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. அந்தக் கதையைத்தான் இங்கே கூற முற்படுகிறோம்.

நிகழ்வது இது. பிள்ளை பிறந்து இரண்டு மூன்று வாரங்கள் கழிகின்றன. நீராட்டும் தாயின் விரலிலே, பிள்ளையின் கழுத்துப் பக்கம் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஒன்று முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம், கெட்டியானது, தொட்டால் பிள்ளை அழுவதில்லை. சில குழந்தைகளின் தலை கட்டி உள்ள பக்கமே சாய்கிறது. முகவாய் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வீடு கலங்குகிறது. மருமகளின் பிறந்த வீட்டு வழியைப் பழிக்கிறார் மாமியார். கண்ணேறு என்கின்றனர் அண்டை வீட்டார். முன்வினை என்று கூறி மூலையிலே அமர்கிறார் முதியவர். ‘உரம் விழுந்திருக்கிறது’ என்று சேலையிலே கிடத்திப் பிள்ளையை உருட்டுவோரும் நம்மிடையே உண்டு. கட்டி நெரிப்பது பிள்ளையின் கழுத்தையா? அன்று, பெற்றவளின் கழுத்தை!

மேனாட்டார் இதில் நம்மினும் மேலாய் இருந்தனரா? தொடக்கத்திலே இல்லை. அவர்கள் முதலில் கண்டது கட்டியை அன்று. கட்டி கரைந்த பின்னரும் கோணி நின்ற கழுத்தை. ஆம்ஸ்டர்டாம் நகரிலே டுல்ப் என்றொரு மருத்துவர் இருந்தார். 1632-இல் ரெம்பிராண்ட் தீட்டிய ஓவியத்திலே, பிணத்தின் கைத்தசையைக் கருவியால் தூக்கிக் காட்டிப் பாடம் நடத்துகிறாரே, அவரேதான். கோணற் கழுத்தை நிமிர்த்த மினியஸ் என்னும் அறுவையாளர் ஒரு சிறுவனின் தசையை வெட்டியதை அவர் எழுதி வைத்தார். அறுவைக் கூடத்துக்கு மயக்க மருந்து வந்தது 1846-இல். அந்தச் சிறுவன் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கவும் நெஞ்சம் நடுங்குகிறது. 1822-இல் பாரிசிலே டுபுய்ட்ரன், தோலிலே சிறு வாயில் திறந்து, உள்ளே கத்தியைச் செலுத்தித் தசையை அறுத்தார். கைத்திறன் வளர்ந்தது, காரணம் விளங்கவில்லை.

காரணம் கூற முன்வந்தவர் செருமானியரான ஸ்ட்ரோமயர், ஆண்டு 1838. மார்பெலும்பிலும் காறையெலும்பிலும் தோன்றிக் காதின் பின்புற எலும்பிலே முடியும் தசை, பிள்ளைப்பேற்றின்போது கிழிகிறது, குருதி கட்டுகிறது, வடு விழுந்து தசை சுருங்குகிறது என்றார் அவர். கேட்க எளிது, நம்பவும் எளிது. ஆனால் இக்கொள்கையின்படி பழி யார்மேல் விழும்? பிள்ளையை ஏந்தி எடுத்த கையின்மேல்! ஊழ்வினை இருந்த இடத்திலே மருத்துவச்சியின் கைவினை வந்து அமர்ந்தது.

மேதை மொழிந்துவிட்டார் என்று அறிவுலகம் வாய்மூடி நிற்கவில்லை. கோளாறு கருப்பையிலேயே தொடங்குகிறது என்று 1884-இல் மறுத்தார் பீட்டர்சன். கட்டியை நுண்ணோக்கியிலே ஆராய்ந்தோர், கட்டிய குருதியின் எச்சத்தைத் தேடினர், கண்டதோ நார்த்திசு. வயிற்றைக் கீறி எடுத்த குழந்தைகளுக்கும் இக்கட்டி வரக் கண்டனர். அங்கே பிடித்து இழுத்த கை எது? தசையிலிருந்து குருதி திரும்பும் நாளங்கள் அடைபடுவதே காரணம் என்றார் மிடில்டன், 1930-இல். கழுத்து மடங்கிக் கிடக்கையில் தசை தன் உறைக்குள்ளேயே இறுகிக் குருதியோட்டம் இழக்கிறது என்றனர் டேவிட்சும் அவர் தோழர்களும், 1993-இல். தலை கீழாக வராமல் பிட்டம் முன்னாக வரும் குழந்தைகளிடம் இது மிகுதி என்பதும் தெரிந்ததே. எனினும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. முடியாத வழக்கிலே தாய்க்குத் தண்டனை விதிப்பது எந்த ஊர் நீதி?

இனி, இது தீங்கற்ற கட்டி என்று அறிவது எங்ஙனம்? விரல்தான் முதற்கருவி. இக்கட்டி தசைக்குள்ளேயே இருக்கும், தசையோடு அசையும், தசையை விட்டுத் தனியே நழுவாது. கழுத்தின் நடுக்கோட்டிலே தோன்றி, விழுங்கும்போது மேலேறும் கட்டி வேறு; அது கருவிலே தைராய்டு சுரப்பி இறங்கி வந்த பாதையின் மிச்சம். மெத்தென்று இருந்து, விளக்கொளியைப் பிடித்தால் உள்ளே ஒளி ஊடுருவும் நீர்க்கட்டி வேறு. அது நிணநீர் நாளங்களின் பிழை. தசையின் முன்விளிம்பிலே வருவது பிறிதொன்று. பாலூட்டிகளின் கருவிலும் மீனின் செவுள் போன்ற பிளவுகள் உண்டென 1825-இல் ராத்கே கண்டாரே, அப்பிளவுகள் முற்றும் மூடாமையால் எழுவது அது. முன்வினை தேடுவோர் அத்தனை தொலைவு செல்ல விரும்பினால், மீன் வரைக்கும் செல்லலாம்!

விரலுக்கு ஐயம் எழுந்தால் ஒலி உதவுகிறது. 1958-இல் கிளாஸ்கோவிலே இயன் டொனால்டு கருப்பையை ஒலியலையால் படமெடுத்துக் காட்டினார்; அக்கருவியின் வழிவந்ததே இன்று பிள்ளையின் கழுத்தையும் காட்டுகிறது. ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. காய்ச்சலோ சிவப்போ மூச்சுத் திணறலோ இருப்பினும், கட்டி வளர்ந்துகொண்டே போயினும் கதை வேறு. அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். இக்குழந்தைகள் சிலருக்கு இடுப்பு மூட்டும் பிசகியிருக்குமாதலால், தேர்ந்த மருத்துவர் கழுத்தைப் பார்த்த கையோடு இடுப்பையும் பார்ப்பார்.

இத்தனை அறிந்தும் கத்தியின் ஆட்சி எளிதில் ஓயவில்லை. ஆங்கிலத்திலே இதற்கு ‘டியூமர்’ என்று பெயரிட்டார்களே, பாதி அச்சம் அந்தப் பெயரால் வந்தது! கட்டியை இளமையிலேயே வெட்டி எறியவேண்டும் என்னும் கட்சி இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. 1959-இல் கவன்ட்ரி, ஹாரிஸ் என்னும் இருவர், பெரும்பாலான குழந்தைகள் அறுவையின்றியே தேறுவதை எடுத்துக் காட்டினர். 2001-இல் ஹாங்காங்கிலே செங் குழுவினர், கழுத்துக் கோணிய 821 குழந்தைகளைப் பற்றி எழுதினர். பயின்ற கை மெல்ல மெல்லத் தசையை நீட்டிவிட, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் தேறினர். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறோம். உருட்டும் சேலைக்கு அங்கே வேலையில்லை. கட்டி சில மாதங்களில் கரைகிறது. தாய் செய்யக்கூடியதும் உண்டு: பிள்ளை திரும்ப மறுக்கும் பக்கமே நின்று அழைப்பது, கிலுகிலுப்பையை அப்பக்கமே ஆட்டுவது, விழித்திருக்கையில் அருகிருந்து குப்புறக் கிடத்துவது. பல மாதம் இவ்வாறு முயன்றும், ஓராண்டு கடந்தும் கழுத்துத் திரும்பாத மிகச் சிலருக்கே இன்று அறுவை செய்கின்றனர்.