மஸாக்ரான்: ஊர்ப்பெயர் கோப்பையான கதை

வியன்னாவின் காபிக்கடைகளில் ‘மஸாக்ரான்’ என்று கேட்டால், ஆறவைத்த கடுங்காபியில் இனிப்பும் பனிக்கட்டியும் சேர்த்து, ரம்மோ மராஸ்கினோ என்னும் செர்ரிப்பழ மதுவோ ஊற்றி உயரமான கண்ணாடிக் குவளையில் தருவார்கள். போர்ச்சுக்கலில் அதே பெயருக்கு எலுமிச்சைச் சாறு கலந்த குளிர்காபி வரும். ரம் அவரவர் விருப்பம். குளிர்ந்த காபியில் சர்க்கரை எளிதில் கரையாது. ஆதலால் பாகாக ஊற்றுவது நல்லது. செய்முறை இவ்வளவே. சிக்கல் பெயரில் இருக்கிறது.

மஸாக்ரான் என்பது அல்ஜீரியாவில் மோஸ்தகானெம் நகரை ஒட்டிய சிற்றூர். 1840 பிப்ரவரித் தொடக்கத்தில், அங்கிருந்த சிறு கோட்டையில் கேப்டன் லெலியேவ்ர் தலைமையிலான 123 பிரெஞ்சு வீரர்கள், அமீர் அப்துல் காதிரின் படையைச் சில நாள்கள் எதிர்த்து நின்றனர். முற்றுகையிட்டோர் 12,000 பேர் என்று பிரான்சில் பேசப்பட்டது. (எதிரியின் தொகையை வென்றவர் எண்ணிச் சொல்லும்போது சற்றுத் தயங்கிப் படிப்பது நல்லது.) பாரிஸில் ஒரு தெரு அவ்வூரின் பெயரைப் பெற்றது. பாலும் பிராந்தியும் கிட்டாத வீரர்கள் காபியில் குளிர்நீர் ஊற்றிக் குடித்தனர் என்ற கதையும் பரவிற்று. கதை மெய்யோ பொய்யோ, பாரிஸின் காபிக்கடைகள் அப்பெயரை ஏற்றுக்கொண்டன.

நன்னூல் பயின்றோர்க்கு அடுத்து நிகழ்ந்தது புதிதன்று. ஊரின் பெயர் பானத்துக்கு ஆயிற்று. இதனை இடவாகுபெயர் எனலாம். பின்னர்ப் பானத்தின் பெயர் அதனைத் தாங்கும் கலத்துக்கு ஆயிற்று, இது தானியாகுபெயர். இன்றைய பிரெஞ்சு அகராதிகளில் மஸாக்ரான் என்பது காபி பருகுவதற்கான, அடித்தண்டுடைய பீங்கான் கோப்பை, முதலெழுத்தும் சிற்றெழுத்தாகிவிட்டது. இதனைப் ‘பொருள் மாற்றம்’ என்று மொழியியலில் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். முதுகலையில் நானும் அப்படித்தான் கடந்தேன். அப்பெயர் அதற்கு உரியவர்களின் மொழியில் எதைக் குறித்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அங்கே அது முற்றிலும் வேறொன்றைச் சுமக்கிறது. 1558 ஆகஸ்டில், ஓரானின் ஸ்பானிய ஆளுநரான அல்கவுதேத்தே பிரபு மோஸ்தகானெமைக் கைப்பற்றப் படையெடுத்து வந்து, தோற்று, அங்கேயே மாண்டார். அப்போரைப் பாடியவர் சீதி லக்தர் பென் க்லூஃப்; மக்கள் வழங்கும் அரபியில் அமைந்த மல்ஹூன் மரபின் பெருங்கவிஞர். அவருடைய பாட்டில் மஸாக்ரான், படையெடுத்து வந்தவர் வீழ்ந்த களம். அதற்கு 282 ஆண்டுகளுக்குப் பின், படையெடுத்து வந்தவரின் வீரச்சின்னமாக அதே பெயர் கடல் கடந்தது. ஐரோப்பியக் கோப்பைக்குள் முதற்போர் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது இரண்டாவது போரும் இல்லை.

கவிஞர் அடக்கமாகியிருக்கும் ஊர் மோஸ்தகானெம் மாகாணத்திலேயே உள்ளது. குடியேற்றக் காலத்தில் அதற்கு ‘லபாஸே’ என்ற பிரெஞ்சுப் பெயர் வழங்கிற்று. இன்று அது கவிஞரின் பெயராலேயே சீதி லக்தர் எனப்படுகிறது.