நடுவில் வாசல் வைத்த ஊர்

1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் ‘எலீட்’ என்றொரு கணினி விளையாட்டு வெளிவந்தது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. பிபிசி மைக்ரோ கணினியின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை அடக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். அத்தனைக்கும் பெயர் எழுதி வைக்க இடமில்லாததால், இரண்டிரண்டு எழுத்துகளாகக் கோத்துப் பெயர் வைக்கும் வேலையை ஒரு கணக்கிடம் விட்டார்கள். லாவே, டைசோ, லீஸ்டி என்று பெயர்கள் பிறந்தன. ஆனால் கோள்களைச் சுற்றிவந்த விண்நிலையத்துக்கு மட்டும் அவர்களே யோசித்துப் பெயர் வைத்தார்கள்: கொரியோலிஸ்.

கஸ்பார் கொரியோலிஸ் பாரிஸில் வாழ்ந்தவர். சுழலும் இயந்திரங்களின் கணக்கை 1835இல் எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவை நீர்ச்சக்கரங்கள்தாம், விண்வெளி இல்லை. அந்த நிலையத்தைப் போலச் சுழலும் ஊரில் ஒரு பந்தை மேலே எறிந்தால் அது நேராகத் திரும்பி வராமல் ஒருபக்கம் விலகி விழும். அதை விளக்குவது அவருடைய கணக்கு. விண்நிலையங்களுக்கு விளையாட்டுகள் வைத்த பெயர்களில் இதற்கு இணையாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. அங்கே குடியிருப்பவர் தினமும் படப்போகிற பாட்டை வாசலிலேயே சொல்லிவிடுகிற பெயர் அது.

அந்த வாசலைப் பற்றிச் சொல்லவேண்டும். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாகப் பதினான்கு முகங்கள் கொண்ட ஓர் உருவம் உருண்டுகொண்டிருக்கும். கோளைப் பார்த்த முகத்தின் நடுவில் நீள்சதுரமாக ஒரு பிளவு. நிலையம் உருளும் வேகத்திலேயே நம் கப்பலையும் உருட்டிக்கொண்டு அதற்குள் நுழையவேண்டும். பிசகினால் கப்பல் தூள்தூளாகிவிடும். தானாக உள்ளே கொண்டுபோகும் கருவியின் விலை 1,500 கிரெடிட். தொடங்கும்போது நம் கையில் இருப்பதோ 100.

“சித்தப்பா, கதவை ஏன் ஓரத்துல வைக்கல? நுழைய ஈஸியா இருக்குமே?” என்று அண்ணன் மகன் ஒருநாள் கேட்டான். பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. உடனே தாளை எடுத்தோம். சுழற்சியாலேயே பூமியில் உள்ள எடை வேண்டுமென்றால், ஆரத்தை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் போதும். ஒரு சுற்றுக்கு ஆகும் நொடிகள் ஏறத்தாழ வந்துவிடும். எலீட் கையேட்டின்படி நிலையத்தின் குறுக்களவு 1 கிலோமீட்டர். ஆரம் 500 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 45 நொடி. அப்போது விளிம்பு மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த ஓரத்தில் கதவு வைத்தால் எந்தக் கப்பல் அதைப் பிடிக்கும்? நடு அச்சில் மட்டும்தான் வாசல் இடம்பெயராமல் நின்ற இடத்திலேயே சுழலும்.

இந்தக் கணக்கோடு விளையாட்டுக்கு முந்தைய வரைபடங்களைப் பார்த்தால் அவை வளர்ந்த விதம் புரியும். ஆஸ்திரிய ராணுவப் பொறியாளராக இருந்த ஹெர்மன் பொத்தோச்னிக், நோர்டுங் என்ற புனைபெயரில் 1929ஆம் ஆண்டிட்டு வந்த தம் நூலில் 30 மீட்டர் குறுக்களவுள்ள குடியிருப்புச் சக்கரம் ஒன்றை வரைந்தார். எட்டு நொடிக்கு ஒரு சுற்று, தலை கிறுகிறுத்துப்போகும். 1952இல் வெர்னர் ஃபான் பிரவுன் அதை 76 மீட்டராக்கினார். 1975இல் நாசா நடத்திய கோடைக்கால ஆய்வில் பிறந்த ஸ்டான்ஃபோர்டு வளையத்துக்குக் குறுக்களவு 1.8 கிலோமீட்டர், 10,000 பேர், நிமிடத்துக்கு ஒரு சுற்று. மனித உடம்பு தாங்கவேண்டும் என்பதால்தான் ஊர் இப்படிப் பெருத்தது.

பின்னால் வந்த விளையாட்டுகள் எல்லாம் இந்த வரைபடங்களுக்குக் கடன்பட்டவை. 2014இல் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ கொரியோலிஸோடு ஆர்பிஸ், ஒசெல்லஸ் என்ற வடிவங்களையும் சேர்த்தது. 2007இன் ‘மாஸ் எஃபெக்ட்’ தன் சிட்டடெல் நகரின் வெளிப்புற வட்டாரங்களில் ஈர்ப்பு 1.02 என்றும், உள்வளையத்தில் 0.3 என்றும் எழுதிவைத்தது. அச்சை நெருங்க நெருங்க எடை குறையும் என்பதை மறக்காதவர்கள் அவர்கள். 2001இன் ‘ஹேலோ’ வளையத்துக்கோ 10,000 கிலோமீட்டர் குறுக்களவு. சுழற்சி ஒன்றாலேயே அங்கே நம் எடை வரவேண்டுமானால் விளிம்பு நொடிக்கு 7 கிலோமீட்டர் ஓடவேண்டும். எந்த எஃகும் அந்த இழுப்பைத் தாங்காது. பார்க்க அழகான வளையம்தான். ஆனாலும் எலீட்டின் அந்த ஒரு கிலோமீட்டர் உருவத்தையே நான் உயர்வாக வைப்பேன். சுழற்சியை வேடிக்கை பார்க்கவிடாமல் விளையாடுகிறவரின் விரலுக்கு வேலையாக்கியது அதுதான்.

பொத்தோச்னிக் 1929இலேயே, 36 வயதில், வியன்னாவில் வறுமையில் இறந்துபோனார். நாங்கள் வீட்டில் ஆடும் விண்வெளி விளையாட்டில் முதல் சக்கரத்துக்கு அவருடைய சொந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். நீங்களும் உங்கள் விளையாட்டுக்கு ஒரு சுழலும் ஊரை வரைவதானால், முதலில் ஆரத்தை எழுதுங்கள், சுற்றும் நேரத்தைக் கணக்கிடுங்கள், வாசலை அச்சில் வையுங்கள். அதன்பிறகு, அந்தக் கணக்கை நமக்குத் தந்தவர்களில் ஒருவருடைய பெயரைச் சூட்டுங்கள்.