பத்மநாபபுரம் அரண்மனை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே, வேளிமலை அடிவாரத்தில் அமைந்த மர அரண்மனை. திருவிதாங்கூர் மன்னர்களின் பழைய தலைநகரத்து அரண்மனை இது. இப்போது அருங்காட்சியகமாக விளங்குகிறது. நிலம் தமிழ்நாட்டில் இருந்தாலும் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடம் உள்ளது.

தோற்றம்: ஊரின் பழைய பெயர் கல்குளம். அரண்மனையில் காலத்தால் முந்தியது தாய்க் கொட்டாரம் என்னும் நாலுகட்டு வீடு. இதை 1550ஐ ஒட்டியது என்று கூறுவோரும், 1601இல் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் எழுப்பியது என்று கூறுவோரும் உளர். இங்குள்ள ஏகாந்த மண்டபத்தில், ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் இன்றும் உறுதியாக நிற்கிறது.

மார்த்தாண்ட வர்மா காலம் (1729–1758): அரண்மனையின் இன்றைய தோற்றம் பெரிதும் இக்காலத்தது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற மன்னர், 1750 ஜனவரியில் நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். ஊரும் இவர் காலத்திலேயே இறைவன் பெயரைப் பெற்றது. நான்கு நிலைகள் கொண்ட உப்பிரிகை மாளிகையின் மேல்நிலை, பத்மநாபருக்கான வழிபாட்டு அறை. அதன் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். மாளிகையிலுள்ள மன்னரின் கட்டில் 64 வகை மருந்து மரங்களால் ஆனது என்பது மரபுச் செய்தி. முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் விதவிதமான மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. மன்னரின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலையின் சாளரங்களில் பதித்த வண்ண அப்பிரகத் தகடுகள் வெயிலின் கூச்சத்தைத் தணித்து, அறைக்குள் மெல்லிய ஒளியை விடுகின்றன. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் கருந்தரை, சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, தாவரச் சாறுகள் ஆகியவற்றால் அமைந்தது என்பர். சேர்மானத்தையும் அளவையும் குறித்து ஒருமித்த கருத்தில்லை.

பிற்காலம்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது, பொதுவாக 1795 எனக் குறிக்கப்படுகிறது. அதன்பின் நவராத்திரி விழாவே அரண்மனையை அரச மரபோடு பிணைத்து வந்தது. ஆண்டுதோறும் இங்குள்ள சரசுவதி திருமேனி திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது, உப்பிரிகை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறும் சடங்கு நடைபெறும். அத்திருமேனி கம்பர் வழிபட்டது என்ற நம்பிக்கையும் உண்டு.

பாதுகாப்பு: சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில், 1930களில், தொல்லியல் துறை அரண்மனையைப் பொறுப்பேற்றது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துடன் (இன்றைய தமிழ்நாடு) இணைந்தபோதும் அரண்மனை கேரளத்திடமே நீடித்தது. ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் இப்பகுதியில் ஓட்டுக் கூரையின் ஒழுக்கும் கரையானும் மரக்கட்டடத்தின் ஓயாத பகைகள். தரையைக் காக்கப் பார்வையாளர் காலணி கழற்றியே நுழைகின்றனர். ஓவிய அறைக்குப் பொதுமக்கள் அனுமதிக்கப்படுவதில்லை.

அருங்காட்சியகத்தில் கற்சிற்பங்கள், மரச்சிற்பங்கள், கல்வெட்டுகள், நாணயங்கள் உள்ளன. 2014இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இவ்வரண்மனை இடம்பெற்றது. திங்கட்கிழமை விடுமுறை.