நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல வேட்டை அருங்காட்சியகம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையிலுள்ள நியூ பெட்ஃபோர்ட் திமிங்கல எண்ணெயால் செழித்த துறைமுகம். 1857இல் 300க்கும் மேற்பட்ட வேட்டைக் கப்பல்கள் இவ்வூருக்குச் சொந்தம். பென்சில்வேனியாவில் 1859இல் கச்சா எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பிறகு மண்ணெண்ணெய் மலிந்தது, வேட்டை நொடித்தது. கடைசிக் கப்பல்கள் கடலில் இருந்தபோதே, 1903இல், ஊரார் கூடி ஒரு வரலாற்றுக் கழகம் தொடங்கினர். அதுவே இன்றைய அருங்காட்சியகம்.

உள்ளே நுழைவோரை முதலில் ஈர்ப்பது ‘லகோடா’. கப்பல் முதலாளி ஜோனத்தன் போர்னின் நினைவாக மகள் எமிலி எழுப்பிய கட்டடத்துக்குள், தந்தையின் கப்பலையே பாதி அளவில் 1916இல் கட்டி முடித்தார்கள். நீளம் 89 அடி. தளத்தில் ஏறி நடக்கலாம்.

ஆனால் இத்தொகுப்பின் உயிர் மாலுமிகளின் கைவேலையில் இருக்கிறது. வருடக்கணக்கில் நீளும் பயணத்தில், வேட்டை கிடைக்காத நாட்களில், திமிங்கலப் பல்லைத் தேய்த்து மெருகேற்றி, ஊசியாலும் கத்தி முனையாலும் கோடு கீறி, கோட்டுக்குள் புகைக்கரியைத் தேய்த்தார்கள். ‘ஸ்கிரிம்ஷா’ எனப்படும் இக்கலையில் கப்பலும் வேட்டையும் ஊரில் விட்டுவந்த பெண்களும் உருப்பெற்றனர். பெரும்பாலான பற்களில் செய்தவர் பெயரில்லை.

வேட்டைக்குப் போய்வந்த பெஞ்சமின் ரஸ்ஸலும் பெயின்டர் கேலப் பர்ரிங்டனும் 1848இல் முடித்த ஓவியம் இன்னொரு வியப்பு. துணியில் தீட்டிய உலகப் பயணம்; நீளம் 1,275 அடி. இரு உருளைகளுக்கிடையே சுருளைத் திருப்பி, கட்டணம் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார்கள். சினிமா பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இங்குள்ள வேட்டை ஈட்டிகளில் லூயிஸ் டெம்பிளின் கண்டுபிடிப்பைத் தேடிப் பார்க்க வேண்டும். அடிமையாகப் பிறந்த கறுப்பினக் கொல்லர் அவர். சதைக்குள் போனதும் குறுக்கே திரும்பிக்கொள்ளும் முனையை 1848இல் வடித்தார். பாய்ந்த ஈட்டி உருவிக்கொண்டு வருவது பெரிதும் குறைந்தது. காப்புரிமை பெறாததால் பலரும் அதைச் செய்து விற்றனர். 1854இல் அவர் கடனோடு இறந்தார். அநீதிதான்.

கூரையில் தொங்கும் எலும்புக்கூடுகளில் ஒன்று 66 அடி நீள இளம் நீலத் திமிங்கலத்துடையது. அத்திமிங்கலம் 1998இல் எண்ணெய்க் கப்பல் மோதி இறந்தது. காட்சிக்கு வைத்துப் பல ஆண்டுகளான பின்னும் எலும்பிலிருந்து எண்ணெய் கசிவதால், குடுவை வைத்துப் பிடிக்கிறார்கள்.

2,000க்கும் மேற்பட்ட கப்பல் நாட்குறிப்பேடுகளும் இங்குண்டு. பிடிபட்ட திமிங்கலத்துக்கு முழு உருவ முத்திரை, தப்பியதற்கு வால் முத்திரை. கூடவே அன்றன்றைய காற்றும் வானிலையும் பதிவாயின. அப்பதிவுகளைக் கொண்டு அக்காலக் கடற்காற்றின் போக்கைத் தட்பவெப்ப ஆய்வாளர்கள் இன்று கணிக்கின்றனர்.