விரல் எழுதிய அலுப்பு

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தில் உட்காரும் வியாபாரி மூட்டை தூக்குவதில்லை. கைக்கு வரும் மாதிரிக் காயின் நிறத்தையும் பருமனையும் பார்க்க வேண்டும். திரையில் ஏறும் விலையையும் பார்க்க வேண்டும். கேட்பதா விடுவதா என்று நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த லாட் வந்துவிடும். சாயங்காலம் வீட்டில் போய், "அடிச்சுப் போட்டாப்ல இருக்கு" என்றால், "உக்காந்து பட்டன் அமுக்குனதுக்கு இம்புட்டு அலுப்பா?" என்றுதான் கேட்பார்கள்.

அவருக்குச் சாட்சி சொல்ல ஒரு கருவி 1880களிலேயே பிறந்துவிட்டது. பெயர் எர்கோகிராஃப். செய்தவர் இத்தாலியின் டுரின் நகரத்து உடலியல் பேராசிரியர் ஆஞ்சலோ மோசோ, தச்சரின் மகன். முன்கையைப் பலகையில் கட்டி, ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் குழாய்களுக்குள் செருகி அசையவிடாமல் செய்துவிடுவார். நடுவிரல் மட்டும், கயிற்றில் தொங்கும் எடையைத் தாளம் தப்பாமல் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்பும் புகைக்கரி படிந்த காகிதத்தில் ஒரு கோடாக விழும். போகப் போகக் கோடு குட்டையாகும். விரல் ஓய்ந்ததும் நின்றுபோகும். அந்த வரிசையின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும், கையெழுத்தைப் போல.

சக ஆசிரியர் மஜ்ஜோரா, மாணவர்களுக்கு நெடுநேரம் வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து விரலைக் கொடுத்தார். கோடுகள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் படுத்துவிட்டன. மூளையின் கழிவு ரத்தத்தில் கலந்து தசையைக் கெடுக்கிறது என்று மோசோ நினைத்தார். 1891இல் களைப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

அவர் சொன்ன காரணம் பிறகு அடிபட்டுப்போனது. 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் இன்னோர் இத்தாலியர், சாமுவேலே மார்க்கோரா, 16 பேரைத் திரைமுன் உட்காரவைத்தார். 90 நிமிடம் ஓடும் எழுத்துகளைக் கவனித்து அவர்களும் பட்டன்தான் அமுக்கினார்கள். பிறகு சைக்கிள் மிதித்தார்கள். அதற்குப் பதிலாக ஆவணப்படம் பார்த்த இன்னொரு நாளில் சராசரியாக 754 நொடி தாங்கியவர்கள், பட்டன் அமுக்கிய நாளில் 640 நொடியில் ஓய்ந்தார்கள். இதயமோ நுரையீரலோ காரணமில்லை. அதே மிதி, தொடக்கத்திலிருந்தே அதிகக் கஷ்டமாகத் தெரிந்திருக்கிறது.

மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தவர்கள், மூளை களைக்கும்போது நெற்றிப் பக்கம் மெதுவான தீட்டா அலைகள் கூடுவதைக் கண்டார்கள். நிற்கும் நிலை தள்ளாடுகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஒரே மூச்சில் மூட்டையைத் தூக்கும் பலம் பெரிதாகக் குறைவதில்லை. நேரம் நீளும் உழைப்புதான் அடிவாங்குகிறது, கவனமும் கூடவே.

ஆகவே ஏலம் முடிந்த கையோடு போடிமெட்டு மலைச்சாலையில் ஏற வண்டிச் சாவியை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்மூடி உட்காருங்கள், இல்லையென்றால் அன்றைக்கு ஏலத்தில் உட்காராத ஒருவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுங்கள்.